இருபத்தேழு தடவை அணைத்த மெயின்

ஷமாவைப் பற்றிப் பாபநாசத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். "நல்ல புள்ளதாங்க, ஆனா வாய் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். இழுக்கிறவர்கள் இழுக்கட்டும். வாய் என்று அவர்கள் சொல்வது என்ன தெரியுமா? சரி என்று தெரிந்த ஒன்றைத் தப்பு என்று யாராவது சொன்னால் அவள் தலையாட்ட மாட்டாள். அவ்வளவுதான். அதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் வாய்.

பிறந்தது திருக்காட்டுப்பள்ளி. அத்தா அல்லா பிச்சைக்குக் கடைத்தெருவில் செருப்புக் கடை. பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் ஒளிவிலகல் கணக்கு ஒன்றுக்கு டீச்சர் சுழித்துவிட, ஷமா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டாள். இரண்டு மார்க் கிடைத்தது. அந்த டீச்சர் வருஷம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மார்க்குக்கு ஒரு வருசப் பகையா புள்ள?" என்று அத்தா தலையில் அடித்துக்கொண்டார்.

"மார்க்குக்கு இல்லத்தா. விடை சரி."

தஞ்சாவூரில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு பாபநாசத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஹஸ்ஸான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபித் தட்டை வைத்துவிட்டு, "நான் மேல படிப்பேன், அத இப்பவே சொல்லிடுறேன்" என்றாள் இவள். மாப்பிள்ளையின் அம்மா ஷம்சாத்துதான் முதலில் வாயைத் திறந்தார். "படி, யாரு வேணாங்குறா? எங்க வீட்ல இடி இடிச்சா மட்டும் மெயினை அணைச்சிடுவோம். அத மட்டும் மாத்தச் சொல்லாத."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஷமாவும் சிரித்தாள். அந்த மெயின் பின்னாளில் தன் கழுத்துக்கே கத்தியாக வரும் என்று யார் கண்டார்கள்?

இப்போது அவளுக்கு முப்பத்திநான்கு வயது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தஞ்சாவூர் பஸ் பிடித்து ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். பிஎச்.டி.யைப் பகுதிநேரமாகப் பதிந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆய்வுக்கூடம் அவளிடம் இல்லை, லேசர் இல்லை. வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு கணினி, அதற்குக் கீழே ஒரு யுபிஎஸ். அவ்வளவுதான் அவளுடைய ஆய்வுக்கூடம்.

அதில் என்னதான் ஆராய்ச்சி என்று தெருவில் பலருக்கு அரிப்பு. ஒருநாள் ஷம்சாத்தே முறம் அரிசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நாளு முச்சூடும் அந்தத் திரையில ஒரு கோடு நிக்குது. நீயும் அதையே பாத்துக்கிட்டு நிக்குற. என்னதான் அது?"

"அணு, மாமி. லட்சம் அணுவைக் கூட்டமா வச்சு, குளிர வச்சு, குளிர வச்சு, இதுக்கு மேல குளிரே கிடையாதுங்குற இடத்துக்குப் பக்கத்துல கொண்டுபோறது."

"ஹஸ்ஸான் பண்றானே, அந்த மாதிரியா?"

"உங்க புள்ள பதினெட்டு டிகிரிக்கு வைக்கிறதுக்கே நாக்கு தள்ளுதுங்குறாரு. இது அதெல்லாம் இல்ல. அவ்வளவு குளிர்ந்தா அணு கல்லு மாதிரி இருக்காது மாமி, அலை மாதிரி ஆயிடும். அந்த அலையைக் கண்டபடி மேடும் பள்ளமுமா இருக்குற தடத்துல விட்டா என்ன ஆகும்?"

"பள்ளத்துல விழுந்துடும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. விழாது. மேட்டையெல்லாம் தாண்டுற தெம்பு அதுக்கு இருக்கு. ஆனா ஒவ்வொரு மேட்டுலயும் கொஞ்சம் அலை திரும்பி வரும். திரும்பி வந்ததெல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்து, முன்னால போறதை அடிச்சுடும். அதனால தெம்பு இருந்தும் நிக்கும். அப்படியே உறைஞ்சு நிக்கும்."

ஷம்சாத் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "சரி, நின்னுட்டுப் போவுது. அதுல உனக்கு என்ன?"

"அது ஒன்னுக்கொன்னு பேசிக்காத அணு மாமி. பக்கத்துல உள்ளதை உரசாத அணு. உரசுற அணுவா இருந்தா? ஒன்னு நகர்ந்தா இன்னொன்னுக்குக் கீழ உள்ள தடமே லேசா மாறும். திரும்பி வர்ற அலையோட கணக்கு தப்பும். அடிச்சுக்கிட்டது முழுசா அடிச்சுக்காது. கொஞ்சம் கசியும். அப்ப கூட்டம் நகருமா, நிக்குமா? அதான் என் கேள்வி."

"அதாவது, சண்ட போட்டுக்கிட்டா நகரும்ங்குற."

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

"இதுக்கு ஆறு வருசமா? நம்ம ரெண்டு பேரையும் கேட்டிருந்தா ஒரு நாள்ல சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் அந்த மகராசி.

உரசல் பலமாக இருந்தால் அணுக்கூட்டம் ஊர்ந்து பரவுகிறது என்பதை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். அதில் வழக்கு இல்லை. உரசல் மிக மிக மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவில் இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் வழக்கு. ஷமாவின் நெறியாளர் பேராசிரியர் வைரக்கண்ணு பத்து வருஷத்துக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டவர். மெலிந்த உரசலில் கூட்டம் நகராது, நிற்கும் என்று அவர் எழுதிய கட்டுரையைப் பல பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். வலங்கைமான் பக்கத்தில் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை. வயலில் இறங்கி நடவு பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்து படித்தவர். கெட்டிக்காரர், நல்லவர். தான் எழுதியது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வராது.

போன ஐப்பசியில் ஷமா அதே கணக்கைத் தன் கணினியில் ஓட்டினாள். சார் ஓட்டியதைவிட நூறு மடங்கு நீளமாக. நாற்பது நாள் ஓட வேண்டும். ஐப்பசி கார்த்திகை என்றால் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? சம்பா வயல் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நிற்க, நாளுக்கு ஒரு இடி, நாளுக்கு ஒரு மழை. வானம் உறுமினால் போதும், ஷம்சாத் தொழுகைப் பாயில் இருந்தாலும் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு நேரே மெயினுக்குத்தான் போவார். டப். யுபிஎஸ் பத்து நிமிஷம் பீப் பீப் என்று அலறிவிட்டு உயிரை விடும். ஷமாவும் அதற்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு செய்திருந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு தன்னைத் தானே சேமித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் கணினி தானே எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுந்த நேரத்தை ஒரு கோப்பில் ஒரு வரி எழுதியும் வைக்கும். நாற்பது நாளில் அப்படி இருபத்தேழு வரி.

முடிவு வந்தது. கூட்டத்தின் அகலம் முதலில் நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றது. சார் சொன்ன மாதிரியே நின்றது. நாள் கணக்கில் நின்றது. அப்புறம் நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து. நத்தை தோற்றுவிடும், அத்தனை மெதுவாக. நாற்பதாம் நாள் அறுபத்தெட்டு.

டிசம்பர் முதல் வாரம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வைரக்கண்ணு அறைக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நடுவுல எத்தனை தடவை நின்னு ஓடுச்சு?"

"இருபத்தேழு சார். எங்க வீட்ல இடி இடிச்சா மாமி மெயினை அணைச்சிடுவாங்க."

"எத்தனை இலக்கம் வச்சு சேமிக்கிற?"

ஷமா எண்களைக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கத்தோடு நிறுத்தியிருந்தாள். முதல் வருஷம் எழுதியது, அப்புறம் அதைத் தொடவே இல்லை. "ஆறு சார்."

வைரக்கண்ணு சிரித்தார். "ஏம்மா, ஒவ்வொரு தடவையும் ஆறு இலக்கத்துக்குக் கீழ உள்ளதை வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்க. வெட்டும்போதெல்லாம் கூட்டத்தைப் புடிச்சு உலுக்கின மாதிரி. உலுக்கினா திரும்பி வர்ற அலையெல்லாம் கலையும். கலைஞ்சா எதுவும்தான் நகரும், உரசல் இருந்தாலும் இல்லாட்டியும். நீ பார்த்தது அணுவை இல்ல. உன் மாமியாரை."

அறையில் இருந்த இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். ஷமாவுக்குக் காது எரிந்தது. எரிந்ததற்குக் காரணம் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அதுதான்.

"ஜனவரி இருபது டாக்டரல் கமிட்டி. உனக்கு அதுதான் கடைசி நீட்டிப்பு. இந்த அத்தியாயத்தை எடுத்துடு, மத்த மூணும் நல்லா இருக்கு, அன்னைக்கே கையெழுத்து போடுறேன். வச்சுக்கிட்டுத்தான் வருவேன்னா என் கையெழுத்து கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் ஆறு வருஷம் போச்சு. ஷமா படத்தைச் சுருட்டிக்கொண்டாள். "உலுக்கினதாலதான் நகர்ந்துச்சுன்னா, உரசாத அணுவையும் அதே மாதிரி உலுக்கிப் பாக்குறேன் சார். அதே ஆறு இலக்கம், அதே இருபத்தேழு தடவை. அதுவும் நகர்ந்தா, நானே வந்து தப்புன்னு சொல்லிட்டு எடுத்துடுறேன்."

"நகரலன்னா?"

"நகரலன்னா எடுக்க மாட்டேன்."

மறுநாளே உரசலைப் பூஜ்யமாக்கிக் கணக்கை ஓடவிட்டாள். நாற்பது நாள். ஜனவரி பதினைந்துக்கு முடியும், கமிட்டிக்கு ஐந்து நாள் முன்னால். பழைய கோப்பிலிருந்து இருபத்தேழு நேரத்தையும் எடுத்து, எத்தனையாவது நாள் எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று பட்டியல் எழுதி, மெயின் பெட்டிக்குப் பக்கத்தில், தொழுகை நேரக் காலண்டருக்குக் கீழே ஒட்டினாள். மார்கழியில் இடி ஏது? கையால்தான் அணைக்க வேண்டும். பாதி நேரம் அவள் கல்லூரியில் இருப்பாள். அதனால் பொறுப்பை ஷம்சாத்திடமே கொடுத்தாள். நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள், சார் சொன்னது உட்பட.

ஷம்சாத் முகம் சுருங்கிப்போனது. "நான் அணைச்சதாலயா புள்ள?"

"அதைத்தான் மாமி கண்டுபிடிக்கப் போறோம். நேரம் வந்ததும் அணைங்க, கால் மணி கழிச்சுப் போடுங்க, பக்கத்துல ஒரு டிக் போட்டுடுங்க."

பச்சை ஸ்கெட்ச் பேனாவால் டிக் விழுந்துகொண்டே வந்தது. கூட்டம் நாற்பத்தொன்றில் நின்றது. ஒரு வாரம் நின்றது, இரண்டு வாரம் நின்றது. ஷமா பஸ்ஸில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொள்ள ஆரம்பித்தாள். டிசம்பர் முடிந்தது. பட்டியலில் பத்தொன்பது டிக்.

ஜனவரி மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானம். கமிட்டிக்குக் காட்ட வேண்டிய படத்தில், அணைந்த நேரங்களைச் சின்னச் சின்னக் கோடாகப் போடலாம் என்று கணினி எழுதிவைத்த கோப்பைத் திறந்தாள். பத்தொன்பது வரி இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது.

முதலில் கோப்புதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். அப்புறம் அந்த ஆறு நேரத்தையும் பார்த்தாள். ஆறும் அவள் வீட்டில் இருந்த நேரம். மெயின் பெட்டிக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தாள். அவள் கல்லூரியில் இருந்த பதின்மூன்று நேரத்துக்கும் பச்சை டிக் அழகாக இருந்தது.

"மாமி!"

அடுப்படியிலிருந்து வந்த ஷம்சாத்துக்கு அந்தக் குரலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அணைக்கலையா?"

"எப்படிப் புள்ள அணைப்பேன்? அணைச்ச உடனே அது பீப் பீப்னு கத்துது பாரு, என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. ஏற்கனவே நான் அணைச்சு அணைச்சுத்தான் உன் படிப்பைக் கெடுத்தேன்னு அந்த வாத்தியார் சொல்லிட்டாரு. மறுபடியும் என் கையாலயே கெடுக்கச் சொல்றியா? நின்னுக்கிட்டு இருக்குன்னு நீ வேற நித்தம் சந்தோசமாச் சொல்ற. நிக்கிறதைப் போயி நான் ஏன் உலுக்கணும்?"

ஷமாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவும் செய்தாள். "கெடணும்னா கெடட்டும் மாமி! கெடுதான்னு பாக்குறதுக்குத்தானே அணைக்கச் சொன்னேன்! உலுக்காம நின்னா அதுல என்ன பெருமை இருக்கு?" சொல்லிவிட்டு, அந்த அம்மாள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் பக்கத்தில் போய் நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் ஷம்சாத் ஒரு பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. முதல் பொய்யே இவளுக்காக.

ஹஸ்ஸான் அன்றைக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் கேட்டான். "இங்க பாரு, பட்டியல்ல டிக் இருக்குல்ல? மிச்சத்தையும் போட்டுக் குடுத்துடு. யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே மச்சான்."

"அதுக்கில்ல ஷமா, ஆறு வருசம்..."

"ஆறு வருசமும் எதுக்கு? அந்த மனுசன் நான் சரியாப் பாக்காம சொல்றேன்னுதானே சொன்னாரு? இதை இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா அவரு சொன்னது சரியாப் போயிடும். அவரு ஜெயிக்கிறதா இருந்தா அணுவால ஜெயிக்கட்டும். என்னால ஜெயிக்க வேணாம்."

கணக்கு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஷமா அந்தப் பட்டியலைக் கிழித்தாள். "இருபத்தேழு இல்ல மாமி, இனிமே நூறு. விடிகாலை சுபுஹு தொழுகைலேர்ந்து ராத்திரி இஷா வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. டிக் வேணாம், மிஷினே எழுதிக்கும். உங்க கையாலதான் அணைக்கணும்."

"என் கையாலயா?"

"உங்க கையைத்தானே குத்தம் சொன்னாரு? அந்தக் கையே சாட்சி சொல்லட்டும்."

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததைத் தெருவே பேசியது. ஃபேன் நின்றது, மிக்ஸி நின்றது. ஃபிரிட்ஜில் வைத்த மீன் இரண்டாம் நாளே வாடை அடித்துத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. முதல் பத்துத் தடவை ஷம்சாத் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு அணைத்தார். இருபதாவது தடவையில் கண் திறந்தது. நாற்பதாவது தடவையில் யுபிஎஸ் அலறினால், "கத்து, நல்லாக் கத்து" என்று அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டு அனீஸா எட்டிப் பார்த்து, "என்ன மாமி, உங்க வீட்ல மட்டும் கரண்ட் போயிப் போயி வருது?" என்று கேட்டதற்கு, "எங்க மருமவ அணுவை உலுக்கிக்கிட்டு இருக்கா, நீ உன் சோலியைப் பாரு" என்றாராம்.

ஜனவரி பதினைந்து காலை கணக்கு முடிந்தது. கோப்பில் நூற்றிரண்டு வரி. ஷம்சாத் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நகர்ந்துடுச்சா?" என்றார். ஷமாவுக்கு எண்ணைப் படிக்கவே பயமாக இருந்தது. படித்தாள். நாற்பத்தொன்று. நூறு தடவைக்கு மேல் உலுக்கியும் உரசாத அணு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"நிக்குது மாமி! அப்படியே நிக்குது!" மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். எதற்கு அழுகிறோம் என்பது ஷம்சாத்துக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் தன் கை எதையும் கெடுக்கவில்லை என்பது முழுசாகப் புரிந்துவிட்டது.

ஜனவரி இருபது. தஞ்சாவூரில் துறைத் தலைவர் அறை. வைரக்கண்ணு ஒரு பக்கம், வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அகிலாண்டம் மேடம் இன்னொரு பக்கம். ஷமா எதையும் மறைக்கவில்லை. ஆறு இலக்கத்தில் செய்த தப்பைச் சொன்னாள், பதின்மூன்று பொய் டிக்கைச் சொன்னாள், நூறு தடவை அணைத்ததைச் சொன்னாள்.

வைரக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தார். "மாமியாரை நம்பி பிசிக்ஸ் பண்ணியிருக்க."

"மாமியாரை நம்பல சார், அதனாலதான் பொய் டிக்கு தெரிஞ்சுது. நீங்க சொன்னதையும் நம்பல. ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன்." அடுத்த படத்தைத் திரையில் போட்டாள். இரண்டு கோடு. உரசாத அணுவின் கோடு தரையோடு தரையாகப் போனது. உரசுகிற அணுவின் கோடு ரொம்ப தூரம் அதோடு ஒட்டியே போய், அப்புறம் மெல்ல மேலே பிரிந்தது. பிரிவதற்கு வெகு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"அது என்ன சிவப்பு?" என்றார் அகிலாண்டம்.

"சாரோட கட்டுரைல கணக்கு முடிஞ்ச இடம் மேடம். அந்த இடத்துல என்னோடதும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. சார் பாத்தது தப்பு இல்ல. கொஞ்சம் முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டாங்க."

வைரக்கண்ணுவின் முகம் சிவந்துவிட்டது. ஷமா விடவில்லை. விட்டால் அவள் ஷமா இல்லை.

"சார், உங்க ஊரு வாய்க்காலுக்குக் கடைமடை, தண்ணி கடைசியா வர்ற இடம். கல்லணை தொறந்த மூணாம் நாளு ஒரு ஆபீசர் வந்து வாய்க்காலைப் பாத்துட்டு, தண்ணி வரலன்னு எழுதிட்டுப் போனா உங்க வீட்ல என்ன சொல்லுவாங்க?"

அவர் பேனாவைத் திருகிக்கொண்டு இருந்தார். கடைசியில், "'பரவக்கூடும்'னு மாத்தி எழுது. கையெழுத்து போடுறேன்" என்றார்.

"கூடும் இல்ல சார். பரவுது."

அகிலாண்டம் மேடம்தான் குறுக்கே புகுந்தார். "இருங்க ரெண்டு பேரும். உலுக்கலால நகரலங்குறது நிரூபணம் ஆயிடுச்சு, அத நான் ஒத்துக்கறேன். ஆனா உரசுற கணக்குல அந்த ஆறு இலக்கம் இன்னும் கறைதாம்மா. முழு இலக்கத்தோட மறுபடி ஓட்டு. தீசிஸ் குடுக்க மே கடைசி வரைக்கும் டைம் இருக்கு. நின்னுதுன்னா?"

"நானே கிழிச்சுப் போட்டுடுறேன் மேடம்."

வைரக்கண்ணு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கையெழுத்து போட்டார், பேனா தாளைக் கிழித்துவிடும் போல.

கடைசி ஓட்டம் சித்திரையில்தான் ஆரம்பித்தது, கல்லூரித் தேர்வெல்லாம் முடிந்த பிறகு. முப்பத்தொன்பதாம் நாள், மத்தியானம் மூன்று மணி. கோடை மழைக்கு வானம் கறுத்து, மேற்கே ஒரு உறுமல் உறுமியது. ஷம்சாத் எழுந்து மெயின் வரைக்கும் போனார். கை பெட்டியில் இருந்தது, ஆனால் இறங்கவில்லை.

"நாளைக்கு முடிஞ்சிடும்ல? ஒரே ஒரு நாளு..." என்று மருமகளைப் பார்த்தார்.

"அணைங்க மாமி."

"அணைக்கவா?"

"அணைங்க. இந்தத் தடவை ஒரு இலக்கம் உதிராது. அது பாட்டுக்கு எந்திரிச்சு நடக்கும்."

டப். மழை கொட்டித் தீர்த்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் போட்டதும் கணினி எழுந்து விட்ட இடத்திலிருந்து நடந்தது. மறுநாள் அகலம் அறுபத்தேழு. பழைய ஓட்டத்துக்கும் இதற்கும் ஒன்றே ஒன்று வித்தியாசம். உரசுகிற அணு ஊர்கிறது. அத்தியாயம் பிழைத்தது.

படத்தை வைரக்கண்ணுவுக்கு அனுப்பினாள். ஒரு நாள் பதில் இல்லை, இரண்டு நாள் இல்லை. கோபமாகத்தான் இருக்கிறார், இருக்கட்டும் என்று இவளும் இருந்தாள். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. அதில் வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு பழைய கோப்பை இணைத்திருந்தார். கீழே ஒரு வரி: "பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் நிறுத்தின இடம் இதுதான். இங்கிருந்து ஓட்டிப் பார். என்ன வந்தாலும் என் பேரோடு எழுது."

ஷமா அதை இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்து, முழு இலக்கமும் இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்தாள்.

ஷம்சாத் பின்னால் வந்து நின்றார். "மறுபடியும் நாப்பது நாளா? இது யாரோடது?"

"சாரோடது மாமி."

"அந்த வாத்தியாரோடதா?" ஷம்சாத் யோசித்தார். மெயின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இடி இடிச்சா என்ன பண்ண?"

"யாரோடதா இருந்தா என்ன? அணைங்க" என்றாள் ஷமா.